பெயர்கள் பின்னால் வரட்டும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். நீட் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. இப்போது வட சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் முதலாமாண்டு. முதல் தாள் முதுகெலும்பற்ற விலங்குகள், எல்லாம் ஆங்கிலத்தில். பக்கத்துக்குப் பக்கம் வாயில் நுழையாத பெயர்கள். இரவெல்லாம் மனப்பாடம் செய்தும் முதல் இன்டர்னலில் 25க்கு 9தான் வந்தது. "உயிரியல் என்றாலே மனப்பாடம். உனக்கு ஞாபகசக்தி கிடையாது. பி.சி.ஏ.வுக்கு மாறிவிடு" என்கிறார் அண்ணன். அப்பா காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை செய்கிறார். "உன் விருப்பம் அம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நான் மாறிவிடலாமா? மாறாவிட்டால் எப்படிப் படிப்பது? ரெக்கார்டு நோட்டில் படம் வரையவும் எனக்கு வராது.
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

மாறவேண்டாம். கணினிமேல் ஆசை வந்து மாறுவதாக இருந்தால் நானே வாழ்த்தி அனுப்பியிருப்பேன். அப்படி ஓர் ஆசை இருப்பதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இருப்பதெல்லாம் 25க்கு 9 தந்த அவமானம். முதல் இன்டர்னலை வைத்துத் துறையை முடிவு செய்வது அவசரக் காரியம்.

அண்ணன் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. முதலாண்டு உயிரியலை மனப்பாடமாகப் படிக்கிறவர்களே அதிகம். ஆசிரியர்களாகிய நாங்களும் பல வகுப்பறைகளில் அப்படித்தான் நடத்துகிறோம்: தொகுதி, வகுப்பு, வரிசை, பொதுப் பண்புகள் பத்து, எடுத்துக்காட்டு மூன்று, அடுத்த பக்கம். பார்மலின் ஜாடிக்குள் வெளிறிப்போய்க் கிடக்கும் நட்சத்திர மீனைக் காட்டி, பெயரையும் தொகுதியையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்தால் மாணவி வேறு என்னதான் செய்வார்?

ஆனால் உங்களுக்கு ஞாபகசக்தி கிடையாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தண்டையார்பேட்டையில் வளர்ந்த பெண் நீங்கள். சங்கரா, வவ்வால், கிழங்கான், பாறை, நெத்திலி, காரப்பொடி, சுதும்பு என்று எத்தனை மீன்களைப் பார்த்தவுடன் பெயர் சொல்வீர்கள்? இவற்றை யாரும் உங்களை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்லவில்லை. எது குழம்புக்கு ஆகும், எதை வறுக்கவேண்டும், எதில் முள் அதிகம், பிள்ளை பெற்றவளுக்கு எதைச் சமைத்துக் கொடுப்பார்கள் என்ற விவரங்களோடு சேர்ந்தே பெயர்களும் உள்ளே போயின. அதனால் இன்றும் நிற்கின்றன. கல்லூரிப் பாடத்திலும் அந்த வழியில் போகவேண்டும் என்பதுதான் நான் சொல்லப்போவது. உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பிடியுங்கள். பெயர் பின்னால் வரட்டும்.

எப்படி என்று ஒரே ஒரு விலங்கை வைத்துக் காட்டுகிறேன். முதுகெலும்பற்றவை தாளில் பெனேயஸ் என்ற கடல் இறால் இருக்கும். "இறாலின் இணையுறுப்புகள்", அதாவது உடலிலிருந்து ஜோடி ஜோடியாக நீட்டிக்கொண்டிருக்கும் கால், உணர்கொம்பு போன்றவை, 10 மதிப்பெண் கேள்வியாகத் திரும்பத் திரும்ப வருவது. மாணவர்கள் இதைக் கண்டு அஞ்சுவார்கள், ஏனென்றால் இணையுறுப்புகள் 19 ஜோடி. கைடைத் திறந்தால் 19 பெயர்களும் அவற்றின் உட்பிரிவுகளும் ஒரே மூச்சில் வந்து விழும்.

கைடை மூடிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு இறால் வரும்போது தலையோடு இருப்பதில் பெரியதாக இரண்டை எடுத்து வையுங்கள். வெள்ளை இறாலோ, பண்ணையில் வளர்த்த வன்னமையோ, எதுவானாலும் இரண்டும் ஒரே குடும்பம்தான். ஒரு இடுக்கி, ஒரு தையல் ஊசி, ஒரு வெள்ளை அட்டை, கொஞ்சம் பசை போதும். இறாலை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வால் பக்கத்திலிருந்து தொடங்கி ஒரு பக்கத்து உறுப்புகளை மட்டும் அடியோடு பிடித்து இழுத்து, வரிசை மாறாமல் அட்டையில் ஒட்டிக்கொண்டே வாருங்கள்.

வாலின் நடுவே கூராக நீட்டிக்கொண்டிருப்பது டெல்சன். அது இணையுறுப்பு அல்ல. கணக்கில் சேர்த்தால் 2 மதிப்பெண் போய்விடும். அதன் இரு பக்கமும் விரிந்திருப்பவை யூரோபாடுகள், ஒரு ஜோடி. வயிற்றுக்குக் கீழே நீந்தும் கால்கள் ஐந்து ஜோடி. மார்புக்கு வந்தால் நடக்கும் கால்கள் ஐந்து ஜோடி. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். முதல் மூன்று ஜோடிக் கால்களின் நுனியை ஊசியால் தொட்டுப் பாருங்கள். சின்னஞ்சிறு கிடுக்கிகள் இருக்கும். கடைசி இரண்டு ஜோடிகளில் இருக்காது. நன்னீர் இறாலில் முதல் இரண்டு ஜோடிகளில் மட்டும்தான் கிடுக்கி. ஆற்று இறாலையும் கடல் இறாலையும் பிரித்தறிய இது ஒன்றே போதும். செய்முறைத் தேர்வில் அடையாளம் காணச் சொல்லும் ஸ்பாட்டராக வைத்தாலும் தடுமாறமாட்டீர்கள்.

நடக்கும் கால்களுக்கு முன்னால் உணவைப் பிடித்துக்கொடுக்கும் மாக்சிலிபீடுகள் மூன்று ஜோடி. வாயை ஒட்டி மாக்சில்லா, மாக்சில்லுலா, மாண்டிபிள். அப்புறம் உணர்கொம்புகள்: நீண்ட ஆண்டெனா, குட்டையான ஆண்டெனியூல். தலையில் 5, மார்பில் 8, வயிற்றில் 6. கூட்டினால் 19. வாய்ப்பகுதியில் இரண்டு மூன்று கிழிந்துபோகும். அதற்குத்தான் இரண்டாவது இறால்.

இப்போது நீந்தும் கால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அடியில் ஒரு காம்பு, அதிலிருந்து இரண்டு கிளைகள். காம்புக்குப் ப்ரோடோபோடைட், உள்கிளைக்கு எண்டோபோடைட், வெளிக்கிளைக்கு எக்சோபோடைட் என்று பெயர். இந்த மூன்றைத் தெரிந்துகொண்டு அட்டையில் இருக்கும் மற்றவற்றைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நடக்கும் காலில் உள்கிளை நீண்டு கணுக்களாகியிருக்கிறது, வெளிக்கிளை சிறுத்துப்போய்விட்டது. மாண்டிபிளில் காம்பே தடித்து உணவை அரைக்கும் பல்லாகிவிட்டது. மாக்சில்லாவில் வெளிக்கிளை தட்டையாக அகன்று, ஓயாமல் அசைந்து, செவுள்களின்மேல் தண்ணீரை ஓடவைக்கிறது. ஆண் இறாலில் முதல் நீந்தும் கால்களின் உள்கிளைகள் ஒன்றோடொன்று இணைந்து, பெட்டாஸ்மா என்ற இனப்பெருக்க உறுப்பாகியிருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே ஒரே காம்பும் இரண்டு கிளைகளும்தான். செய்யவேண்டிய வேலைக்கேற்ப ஒன்று நீண்டது, ஒன்று தேய்ந்தது, ஒன்று காணாமலே போனது. 19 தனித்தனி உறுப்புகளாக இருந்தவை இப்போது ஒரே திட்டத்தின் 19 வடிவங்கள். தேர்வில் அந்தத் திட்டத்தை முதல் பத்தியில் எழுதிவிட்டு, மாற்றங்களை வரிசையாக எழுதினால் 10 மதிப்பெண் விடை முடிந்தது. பரிணாமத்தைப் பற்றிப் புத்தகம் சொல்வதில் பாதி அந்த அட்டையிலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

மிச்ச இறாலைச் சமைக்கும்போதும் அடுப்பருகே நில்லுங்கள். சாம்பல் நிறத்தில் இருந்தது ஏன் சிவக்கிறது? அந்தச் சிவப்பு நிறமி உயிரோடு இருக்கும்போதே ஓட்டில் இருக்கிறது. அஸ்டாசாந்தின் என்று பெயர். ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும்வரை நிறம் மாறித் தெரிகிறது. சூட்டில் புரதத்தின் வடிவம் குலைந்ததும் நிறமி விடுபட்டுத் தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. புரதத்தின் வடிவம் கெட்டால் அதன் வேலையும் கெடும் என்று செல் உயிரியல் தாளில் பின்னால் படிப்பீர்கள். உங்கள் அம்மாவின் வாணலியில் அது இப்போதே நடக்கிறது.

வீட்டில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி ஆய்வகங்களில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதை நிறுத்தும்படி 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. தவளைகளும் எலிகளும் வீணாகச் செத்த காலத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் மறுப்பே இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு வரைபடமும் கணினிப் படமும் வந்தபோது, கையால் தொட்டுப் பார்ப்பதும் சேர்ந்து போய்விட்டது. சாப்பாட்டுக்கு வந்த இறாலைப் பார்க்க யாரும் தடை போடவில்லை.

உறுப்புக்குப் பதிலாக ஒரு மண்டலம் பாடமாக வந்தால், எதையாவது ஒன்றைப் பின்தொடர்ந்து போங்கள். நட்சத்திர மீனின் நீர்க்குழல் மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு சொட்டுக் கடல்நீரோடு கூடவே போய்ப் பாருங்கள். முதுகுப் பக்கத்தில் சல்லடையாக இருக்கும் மாட்ரிபொரைட் வழியாக உள்ளே நுழைகிறது. கல் கால்வாய் வழியாகக் கீழே இறங்குகிறது. வாயைச் சுற்றிய வளையக் கால்வாயை அடைகிறது. அங்கிருந்து கைக்கு ஒன்றாக ஆரக் கால்வாய்களில் பிரிகிறது. பக்கக் கால்வாய்கள் வழியாகக் குழாய்க் கால்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு குழாய்க் காலின் தலையிலும் ஆம்புல்லா என்ற சிறு பை. அது சுருங்கினால் கால் நீள்கிறது. இந்தக் கால்களால்தான் அது மட்டியின் இரண்டு ஓடுகளையும் பற்றி இழுக்கிறது. மயிரிழை இடைவெளி கிடைத்ததும் தன் இரைப்பையையே வெளியே தள்ளி ஓட்டுக்குள் விட்டு, மட்டியை அதன் வீட்டிலேயே செரிக்கிறது. இதை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தவர் மறப்பாரா?

அடுத்து, இரவெல்லாம் படிப்பதைப் பற்றி. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது தெரிந்துவிட்டதுபோன்ற மயக்கத்தைத் தரும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் பாடப் பகுதியை மீண்டும் மீண்டும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்தினார்கள். உங்கள் 9 மதிப்பெண்ணின் கதையும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரவு பதினொரு மணிக்குத் தெரிந்த பாடம் தேர்வு அறையில் ஏன் காணாமல் போகிறது என்று இனிக் குழம்பவேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பழைய தாளில் எழுதுங்கள், விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள், மறுநாள் மறுபடி எழுதுங்கள். அலுப்பாக இருக்கும். தூங்கும் நேரத்தை மட்டும் இதற்காகக் குறைக்காதீர்கள்.

ஆங்கிலம் நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய தடை இல்லை. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு உயிரியல் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒரே பாடம். 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்துக்குப் பிறகு அந்த நூல்களின் தரம் கூடியிருக்கிறது. முதலாண்டுக்கு வேண்டிய அடிப்படை அதிலேயே இருக்கிறது. கல்லூரியில் ஒரு தலைப்பு நடத்தும் முன்பே தமிழ்ப் பக்கத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். வீடு திரும்பியதும் அதே பகுதியை ஆங்கிலத்தில் படியுங்கள். தமிழில் யோசித்து, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். "வாட்டர் என்டர்ஸ் த்ரூ த மாட்ரிபொரைட்" என்று ஐந்து சொல்லில் எழுதினால் எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டார். கைடில் இருக்கும் மூன்று வரி நீள வாக்கியத்தைப் பாதி நினைவோடு எழுதும்போதுதான் எல்லாம் சிதறுகிறது.

நீட் தேர்வில் தவறியவர்களின் ஒதுங்குமிடம் இந்தத் துறை என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் அடியில் ஓடுகிறது. அதைக் கொஞ்சம் எண்ணூர்ப் பக்கம் அழைத்துப் போய்ப் பார்க்கலாம். நீங்கள் அட்டையில் ஒட்டிய இறால் கடலில் முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து நாப்ளியஸ், புரோட்டோசோயா, மைசிஸ் என்று உருமாறி, பின் இளம் இறாலாகி முகத்துவாரம் வழியாகக் கழிமுகத்துக்குள் வருகிறது. அங்கே சேற்றில் புதைந்து, மேய்ந்து, வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகிறது. எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் அப்படிப்பட்ட நாற்றங்கால்கள். இப்போது எண்ணூரில் அந்தச் சேற்றின்மேல் ஒரு புதிய சிப்பி பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கிறது. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகள்தான் அதன் பிறப்பிடம். கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்க அடியில் நிரப்பிக்கொண்டு வரும் கடல்நீரோடு இது வந்திருக்கலாம் என்பது பரவலான சந்தேகம். அது படர்ந்த இடத்தில் இறால் புதைய மண் கிடைப்பதில்லை. உள்ளூர்ச் சிப்பியான மஞ்சள் ஆழிக்கும் இடமில்லை. இதை முதலில் கவனித்து முறையிட்டவர்கள் அங்கே கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அந்தப் பேச்சைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்டு, அதே சிப்பி எப்படி நூலிழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கிறது, எந்த உப்புத்தன்மையில் சாகும் என்று ஆய்வகத்திலும் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் இப்படிப்பட்டவர்கள்தான் தேவைப்பட்டார்கள். மருத்துவப் படிப்பில் இது வராது.

பிழைப்புக்கு வழி என்ன என்று அண்ணன் கேட்பார், கேட்கவும் வேண்டும். விலங்கியல் பட்டம் மட்டும் கையில் இருந்தால் வேலை தேடிக் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கவேண்டும், ஒளிக்கவில்லை. முதுகலை படித்தால் ஆய்வு, கற்பித்தல், பி.எட். முடித்தால் பள்ளி, போட்டித் தேர்வு எழுதினால் அரசுப் பணி. கடல்சார் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் இருக்கிறது. மீன்வளத்தில் ஆர்வம் வந்தால் பக்கத்திலேயே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டாம் ஆண்டு முடியும்போது இதைப் பற்றி முடிவெடுத்தால் போதும். மீண்டும் நீட் எழுத விரும்பினால் எழுதுங்கள், ஆனால் அதற்காக இந்த ஆண்டுப் பாடத்தைக் கைவிட்டு அரியர் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் உங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரவேண்டும். 2022 செப்டம்பரில் நம் வட சென்னையில், பாரதி மகளிர் கல்லூரியில்தான் அதைத் தொடங்கிவைத்தார்கள். வராமல் இருந்தால் கல்லூரி அலுவலகத்தில் உடனே கேளுங்கள். வருகிறது என்றால் ஒரு மாதத்துப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும் நல்ல இடுக்கி ஒன்றும் வாங்குங்கள்.

கடைசியாகப் படம். ரெக்கார்டு நோட்டுக்கு ஓவியத் திறமை தேவையில்லை. சீனியரின் நோட்டைப் பார்த்து வரைவதால்தான் வரவில்லை. அவரும் அவருடைய சீனியரைப் பார்த்து வரைந்திருப்பார், பல ஆண்டுத் தவறுகள் வரிசையாக வந்துசேரும். ஒட்டிய அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உறுப்பின் நீளத்தையும் அகலத்தையும் ஸ்கேலால் அளந்து, மும்மடங்காக்கித் தாளில் புள்ளி வையுங்கள். புள்ளிகளைக் கூரான பென்சிலால் ஒரே கோடாக இணையுங்கள். பாகங்களைக் குறிக்கும் கோடுகளை வலப்பக்கமாக, ஒன்றையொன்று வெட்டாமல் இழுங்கள். எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்று அடியில் எழுதுங்கள். நிழல் தீட்டவேண்டாம், அதற்கு மதிப்பெண் கிடையாது.